இறால் அண்டாவில் எடுத்த குஸ்கா

23.07.2025, புதன்கிழமை, பகல் 12.52 மணி. அன்று எங்கள் கம்பெனி கேன்டீனில் முதல் ஷிஃப்ட்டுக்குப் போட்ட இறால் பிரியாணித் தட்டுகள் 286. குஸ்கா தட்டுகள் 41. அந்த நாற்பத்தொன்றில் ஒன்று என்னுடையது, ஒன்று என் தங்கையுடையது. இந்த எண்களை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதச் சொல்லி நான் கேட்டதால் முன்னால் எழுதப்படுகிறது.

என் பெயர் உமைர், வயது 27, த/பெ முனீர் அகமது. கதவு எண் 4/117, பள்ளிவாசல் பின்தெரு, மூக்கண்டப்பள்ளி, ஓசூர் என்ற முகவரியில் அத்தா, அம்மா, தங்கை சுக்ராவுடன் குடியிருந்து வருகிறேன். இயந்திரப் பொறியியலில் டிப்ளமோ முடித்து, சிப்காட்டில் உள்ள ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஐந்து வருடமாகக் குவாலிட்டி பிரிவில் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். என் தங்கை சுக்ரா, வயது 21, ஐடிஐ முடித்தவள், அதே கம்பெனியில் பிரஸ் லைனில் பிப்ரவரி முதல் பயிற்சி ஆபரேட்டர். வரும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி அவளுக்கு வேலை உறுதியாக வேண்டும். ஆகுமா என்பதுதான் இப்போதைய கேள்வி. அண்டா ஒரு கேள்வியே இல்லை.

இன்று 25.07.2025 வெள்ளிக்கிழமை காலை 11.20 மணிக்கு, கேன்டீன் காண்டிராக்டர் திரு. குருமூர்த்தி கொடுத்த மனுவின் பேரில் அழைக்கப்பட்டு நிலையத்தில் ஆஜராகி, தலைமைக் காவலர் திரு. மாதேஷ் அவர்கள் விசாரிக்க நான் சொல்வதாவது. மனுவில் என் மீது மூன்று புகார்கள். பிரியாணி அண்டாவைத் திருடினேன் என்பது ஒன்று. சமையல்காரரை மிரட்டினேன் என்பது இரண்டு. மதப் பிரச்சினை கிளம்பும்படி கேன்டீனில் பேசினேன் என்பது மூன்று. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் கேட்டால் வரிசை கெடும் என்று சொல்லியும் தலைமைக் காவலர் நடுநடுவே கேட்டதால், சில இடங்களில் அவர் கேட்டதும் பதிவாகியிருக்கிறது.

எங்கள் கேன்டீனில் இந்த ஜனவரியிலிருந்து மாதத்தின் நாலாவது புதன்கிழமை இறால் பிரியாணி. எங்கள் வீட்டில் இறால், நண்டு சமைக்கும் வழக்கம் கிடையாது. மார்க்கம் படிக்கிறவர்களில் சாப்பிடலாம் என்பவர்களும் உண்டு, வேண்டாம் என்பவர்களும் உண்டு. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் வேண்டாம் பக்கம். அடுத்த தெருவில் சாப்பிடுகிறார்கள், அதில் எங்களுக்கும் அவர்களுக்கும் எந்தத் தகராறும் இல்லை. இறால் வேண்டாதவர்கள் முந்தின நாள் கேன்டீன் கதவில் தொங்கும் பட்டியலில் பெயர் எழுத வேண்டும், அவர்களுக்கு மஞ்சள் டோக்கன், மஞ்சள் டோக்கனுக்குக் குஸ்காவும் இரண்டு அவித்த முட்டையும். பட்டியலில் காரணம் எழுத இடமில்லை. எங்களைப் போல வீட்டு வழக்கத்துக்காக எழுதுகிறவர்கள் இருபத்தொன்பது பேர். மாலை போட்டவர்கள், வாடை பிடிக்காதவர்கள், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் என்று மற்றவர்கள் பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் ஒரே மஞ்சள் டோக்கன்.

சுக்ரா அதுவரை வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோவாள். செவ்வாய்க்கிழமை மாலை நான்தான் அவளிடம், "நாளைக்கு டப்பா தூக்காத, நாலாவது புதன், குஸ்கா நல்லா இருக்கும்" என்று சொன்னேன். அவள், "உனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும், நீ கூலன்ட் ஆயில ஊத்திக் குடுத்தாலும் சாப்பிடுவ" என்றாள். பட்டியலில் நாற்பத்தொன்றாவது பெயரை அவளுக்காக நான் எழுதினேன். அது என் கையெழுத்து.

சம்பவத்தன்று நான் 12.30 பந்தியில் குஸ்கா சாப்பிட்டு விட்டு என் பிரிவுக்குப் போய்விட்டேன். எனக்கு எதுவும் ஆகவில்லை. அதன் பிறகு 12.52-க்கு சுக்ரா சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த பெண்கள் சொன்னபடி, நாலைந்து வாய் சாப்பிட்டதும் நாக்கு சுணைக்கிறது என்று சொல்லிக் காரம் அதிகம் என்று சிரித்திருக்கிறாள், அதன் பிறகு கழுத்தைச் சொறிந்திருக்கிறாள், அதன் பிறகு தண்ணீர் பிடிக்க எழுந்தவள் குழாயடியில் விழுந்திருக்கிறாள், விழுந்ததும் கை கால் வெட்டியிருக்கிறது. நேரம் 1.01. பெண்கள் நால்வர் தூக்கிக்கொண்டு முதலுதவி அறைக்குப் போயிருக்கிறார்கள்.

எனக்கு 1.07-க்கு போன் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, வலது கையில் பத்துக்குப் பன்னிரண்டு ரிங் ஸ்பேனரைத் திணித்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதலுதவி அறையைப் பார்த்துக்கொள்பவர் சரிதா அக்கா. அவர், "ஃபிட்ஸ் தம்பி, பயப்படாத, இரும்பு குடுத்துட்டேன், இப்ப தெளிஞ்சுடும்" என்றார்.

"அக்கா, உதட்டைப் பாருங்க. ஃபிட்ஸ்ல உதடு இப்படி வீங்குமா?"

"வீங்காதுதான்."

"கழுத்தெல்லாம் தடிச்சிருக்குது. மூச்சு விசில் அடிக்குது. ஃபிட்ஸ்ல தடிக்குமா?"

"அது கீழ விழுந்ததுல..."

நான் ஸ்பேனரைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். எறிந்தேன் என்று மனுவில் உள்ளது. வைத்தேன். ஆம்புலன்ஸ் டிரைவர் பிரியாணி பந்தியில் இருந்ததால் கம்பெனி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு 1.12-க்குக் கிளம்பி அரசு மருத்துவமனைக்கு 1.29-க்குப் போய்ச் சேர்ந்தோம். ஜீப்பில் அவளுக்கு மூச்சு உள்ளே போகும் சத்தம் கேட்டது, வெளியே வரும் சத்தம் கேட்கவில்லை. நான் நொடி எண்ணிக்கொண்டே போனேன், எனக்குத் தெரிந்த வேலை அதுதான். பணியில் இருந்த டாக்டர் அம்மா பார்த்த மாத்திரத்தில் தொடையில் ஊசி போட்டார். 1.31. அப்போது ரத்த அழுத்தம் எழுபதுக்கு நாற்பது. 1.40-க்கு மூச்சு தெளிந்தது.

அதன் பிறகு டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். குஸ்கா என்றேன். என்ன கறி போட்ட குஸ்கா என்றார். குஸ்காவில் கறி ஏது என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எந்த அண்டால இருந்து எடுத்த குஸ்கா?" என்று கேட்டார். ஐந்து வருடமாகத் தினமும் மூவாயிரம் உதிரிபாகம் எந்த லாட்டில் வந்தது, எந்த அச்சில் அடித்தது என்று கேட்டுக் கேட்டு வேலை செய்கிறவன், என் தட்டில் இருந்த சோறு எந்த அண்டா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்த இடத்தில் தலைமைக் காவலர், "குஸ்கான்னா அப்படித்தானப்பா, எல்லாக் கடையிலயும் பிரியாணி அண்டாலதான் பீஸ ஒதுக்கிட்டு அள்ளுவான், இதுல என்ன அதிசயம்?" என்று கேட்டார். அதிசயம் ஒன்றும் இல்லை. அதைத்தான் நானும் சொல்கிறேன். எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே நாற்பத்தொரு பேருக்கும் பீஸ் இல்லை என்றால் இறால் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இதை அப்படியே எழுதச் சொன்னேன்.

சுக்ரா பிறந்ததிலிருந்து இறாலைத் தொட்டதில்லையே, தொடாத பண்டம் எப்படி உடம்புக்கு ஆகாமல் போகும் என்றும் டாக்டரிடம் கேட்டேன். இறாலில் இருக்கும் அதே மாதிரியான புரதம் கரப்பான் பூச்சியிலும், மெத்தைத் தூசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியிலும் உண்டு, அதை மூச்சில் இழுத்துப் பழகிய உடம்பு இறாலை முதல் தடவை பார்த்ததும் எதிரி என்று எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். வேகவைத்தாலும் அந்தப் புரதம் கெடாது, தண்ணீரில் இறங்கும், துண்டை எடுத்துவிட்டால் போய்விடாது என்றும் சொன்னார். ரத்த அழுத்தம் அந்த அளவுக்கு விழுந்தால் கை கால் வெட்டும், பார்க்க வலிப்பு மாதிரி இருக்கும், வலிப்பு இல்லை என்றும் சொன்னார். இதெல்லாம் மருத்துவமனைச் சீட்டில் உள்ளது. நகல் கொடுத்திருக்கிறேன்.

அத்தாவும் அம்மாவும் வந்து சேர்ந்ததும் டாக்டர் சொன்னதை அவர்களிடம் சொன்னேன். நான், "ஏழு மாசமா நானும் அதைத்தான் சாப்பிட்டிருக்கேன் போல" என்றேன். அவர், "தெரியாம சாப்பிட்டது தெரியாம சாப்பிட்டதுதான். அதை அல்லா பார்த்துக்குவான். நீ போயி, இன்னிக்கு வேற எந்தப் பொண்ணு அந்த அண்டாவுல சாப்பிடப் போகுதுன்னு பாரு" என்றார். மத உணர்வைத் தூண்டியதாக மனுவில் சொல்லப்பட்ட குடும்பத்தில் அன்று அதைப் பற்றிப் பேசப்பட்டது மொத்தமும் இவ்வளவே.

அதன் பிறகு நான் 3.00 மணிக்குக் கம்பெனிக்குத் திரும்பி நேராகச் சமையல் கூடத்துக்குப் போனேன். சமையல்காரர் வெள்ளைச்சாமி, தூத்துக்குடிக்காரர், ஐம்பது வயது இருக்கும். அவரிடம் நடந்த பேச்சை மிரட்டல் என்று மனுவில் எழுதியிருப்பதால் முழுதாகச் சொல்கிறேன்.

"அண்ணே, குஸ்கா எந்த அண்டா?"

"எந்த அண்டான்னா? ஒரே அண்டாதான் தம்பி. தங்கச்சி எப்படி இருக்கு?"

"மூச்சு வருது. இறாலை எப்படிப் பிரிச்சீங்க?"

"நானே கரண்டிய வச்சு ஒண்ணொண்ணாப் பொறுக்குனேன். மஞ்ச டோக்கன்னா வேற ஆளத் தொடவிட மாட்டேன். அந்தப் பிள்ள தட்டுல ஒரு பொடி இறால் கெடந்திருந்தா என் கைய வெட்டு. நேந்துக்கிட்டவுக, தொழுவுறவுக சாப்பாடு, வெளையாட்டா?"

"அரிசியை எதுல வேக வெச்சீங்க?"

இதைக் கேட்டதும் அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. "கண்டுபிடிச்சிட்டியா? அதாம்லா ருசி. மூணு மாசமா எல்லாவனும் கேக்கான், குஸ்காவுக்கே இப்படி ஒரு மணம் எங்கன இருந்து வருதுன்னு. தலையும் ஓடும் வேக வச்ச தண்ணி. பதினெட்டு லிட்டர்" என்றார்.

இறால் தலையை முன்பெல்லாம் பின்பக்கக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறார்கள். நாய்கள் இழுத்துக்கொண்டு போய் ஓடையில் போட்டு, பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் நாற்றம் என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அதே சமயம் எங்கள் கம்பெனியிலும் ஈரக் கழிவைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் பிரிவு தினமும் கேன்டீனில் தராசு வைத்து எழுத ஆரம்பித்தது. அதன் பிறகுதான், மே மாதத்திலிருந்து, வெள்ளைச்சாமி அண்ணன் தலையையும் ஓட்டையும் வேகவைத்து, அந்தத் தண்ணீரில் அரிசி போட்டு, சக்கையை வெயிலில் காயவைத்து தளிப் பக்கம் ரோஜாத் தோட்டக்காரர் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார். நாற்றம் நின்றது. தராசில் எண் குறைந்தது. கேன்டீனுக்குப் பசுமைச் சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து, நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். மஞ்சள் டோக்கன்காரர்களுக்கு அந்தத் தண்ணீர் போகிறதே என்று சான்றிதழ் கொடுத்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் டாக்டர் சொன்னதை வெள்ளைச்சாமி அண்ணனிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அப்ப நான் பொறுக்குனது?" என்று கேட்டார். பொறுக்கினதால் பிரயோஜனம் இல்லை அண்ணே என்றேன். இது மிரட்டல் என்றால் மிரட்டல்.

அந்த நேரத்தில் அண்டாவில் இரண்டாம் ஷிஃப்ட்டுக்கு வைத்திருந்த பிரியாணி மூன்றில் ஒரு பங்கு இருந்தது. 6.30 பந்தியில் அதிலிருந்து இன்னும் 27 மஞ்சள் டோக்கன். எங்கள் பிரிவில் சந்தேகமான லாட் எதுவானாலும் முதல் வேலை சிவப்பு டேக் கட்டுவது, இரண்டாவது வேலை ரிஜெக்ட் கேஜ் என்ற பூட்டுப் போட்ட கம்பிக் கூண்டில் வைப்பது, மூன்றாவதுதான் யார் தப்பு என்று பேசுவது. நான் அதைத்தான் செய்தேன். டேக்கில் பொருள் என்ற இடத்தில் குஸ்கா என்றும், குறை என்ற இடத்தில் "இறால் தலை வேகவைத்த நீர், 18 லிட்டர்" என்றும் எழுதினேன். வெள்ளைச்சாமி அண்ணன் அவராகவே பேனாவைக் கேட்டு வாங்கி அடியில் கையெழுத்துப் போட்டார். போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அதன் பிறகு மூன்று எவர்சில்வர் டப்பாவில் சாம்பிள் எடுத்து, ஒட்டி, எங்கள் லேப் ஃபிரிட்ஜில் உறைய வைத்தேன். அதன் பிறகு அண்டாவை டிராலியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனேன். வழியில் பாகலூர்க்காரரான செக்யூரிட்டி, "எல்லிகப்பா அண்டா?" என்று கன்னடத்தில் கேட்டார். "ரிஜெக்ட் கேஜுக்குண்ணா" என்றேன். "பிரியாணி ரிஜெக்டா?" என்று சிரித்துவிட்டு, "அண்டா 1, குவாலிட்டிக்கு, 3.24" என்று ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டார். திருடுகிறவன் செக்யூரிட்டி ரிஜிஸ்டரில் எழுதி வைத்துவிட்டா திருடுவான்?

தலைமைக் காவலர் கேட்க: அண்டா இப்போதும் கேஜில்தான் இருக்கிறது. சாவி என்னிடம். இரண்டு நாள் ஆனதால் நாற்றம் வருகிறது என்பது உண்மை. என் பிரிவில் எட்டுப் பேரும் என்னோடு பேசுவதில்லை என்பதும் உண்மை.

அதன் பிறகு மாலை 6.30-க்கு இரண்டாம் ஷிஃப்ட் சாப்பிட வந்தது. பிரியாணி நாளில் அவர்களுக்கு ரவா உப்புமா கொடுத்தார்கள். நூற்று நாற்பது பேர். நான் அங்கே போய் நிற்காமல் இருந்திருக்கலாம். காரணத்தை நான் சொல்லாவிட்டால் குருமூர்த்தி வேறு ஒன்றைச் சொல்வார் என்று போனேன். தட்டைத் தட்டிச் சத்தம் போட்டார்கள். ஒருவர், "உன் தங்கச்சிக்கு ஒத்துக்கலைன்னா எங்களுக்கு எதுக்குய்யா உப்புமா?" என்று கத்தினார். இன்னொருவர், "நாளைக்கு இவருக்குச் சளி பிடிச்சா தயிருக்கும் டேக் கட்டுவாருய்யா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் பெஞ்சில் ஏறி நின்று சொன்னது இது மட்டும்: "குஸ்கா இறால் தண்ணியில வெந்தது. இறால் வேணாம்னு பேர் எழுதினவங்க எந்தக் காரணத்துக்காக எழுதியிருந்தாலும் சரி, இது உங்களுக்குத் தெரியணும். சாப்பிட்டு யாருக்காவது தடிப்பு, அரிப்பு, மூச்சு முட்டல் வந்திருந்தா எங்கிட்ட வாங்க." மதம் என்ற சொல்லோ, எந்த மதத்தின் பெயரோ நான் சொல்லவில்லை. நூற்று நாற்பது சாட்சிகள் இருக்கிறார்கள், பாதிப் பேர் என்மேல் கோபமாக இருப்பதால் எனக்குச் சாதகமாகப் பொய் சொல்லமாட்டார்கள்.

பெஞ்சை விட்டு இறங்கியபோது மெஷின் ஷாப் பூபதி வந்து சட்டையைத் தூக்கி முதுகில் சொறிந்த தழும்புகளைக் காட்டினார். அவர் கொல்லிமலைப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் இறால் சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்ததால் அதன் பிறகு தொடாமல் பெயர் எழுதி வருகிறவர். "ரெண்டு மாசமா நாலாவது புதன் ராத்திரியானா சொறிஞ்சு சொறிஞ்சு தூக்கம் இல்லைங்க. மூட்டைப்பூச்சின்னு கட்டிலைக் கொளுத்தற வரைக்கும் போயிட்டேன். வீட்டுக்காரிதான் வேணாம்னா" என்றார். தலை வேகவைத்த தண்ணீர் ஆரம்பித்த பிறகு வந்த அதே இரண்டு மாதம். மே, ஜூன் இரண்டு முறையும் அரிப்பு மாத்திரை வாங்கிய சீட்டை வீட்டில் வைத்திருக்கிறார். எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் 24-ஆம் தேதி காலை 10 மணிக்கு மனிதவளப் பிரிவு அதிகாரி அன்புமணி என்னைக் கூப்பிட்டார். குருமூர்த்தியும் இருந்தார். குஸ்கா தனி அண்டாவில் செய்தது என்று குருமூர்த்தி சொன்னார். கேன்டீனில் அந்த அளவில் மொத்தம் இரண்டு அண்டா, ஒன்றில் பிரியாணி, இன்னொன்றில் ரசம், அப்படியானால் குஸ்காவை ரசத்திலா செய்தீர்கள் என்று கேட்டேன். அதன் பிறகு குருமூர்த்தி குரலை இறக்கி, "தம்பி, உங்க நல்லதுக்குச் சொல்றேன். இது வெளிய போனா உங்க ஆளுங்க ஏழு மாசமா என்ன சாப்பிட்டோம்னு கிளம்புவாங்க, மத்தவங்க இவங்களுக்கு என்ன தனிச் சலுகைன்னு கிளம்புவாங்க. வலிப்புன்னே இருந்துட்டுப் போகட்டும். யாருக்கும் சங்கடம் இல்ல" என்றார்.

முதலுதவி ரிஜிஸ்டரில் 1.05 மணிக்குச் சரிதா அக்கா "வலிப்பு, இரும்பு கொடுக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறார். அதை மாற்ற வேண்டும் என்று மருத்துவமனைச் சீட்டை மேசையில் வைத்தேன். அன்புமணி அதை எடுக்கவில்லை.

"ரிஜிஸ்டர்ல எழுதினதை மாத்த முடியாது உமைர். நீ அண்டாவைத் திறந்து விட்டுடு. குருமூர்த்தி சார் ஸ்டேஷனுக்குப் போகமாட்டார். சமாதானமா ஒரு கடிதம் எழுதிக்கலாம்."

"அப்ப சுக்ரா?"

"வலிப்பு உள்ளவங்களை பிரஸ்ல நிறுத்த முடியாதே. ரூல் உனக்கே தெரியும்."

"சார், இல்லாத வலிப்பை நீங்களே எழுதிட்டு, அந்த வலிப்புக்காக அவளை நீங்களே வேலையை விட்டு எடுக்கறீங்க."

"அப்படிச் சொல்லாத."

"வேற எப்படிச் சொல்றது?"

அவர் டீ சொல்லவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அன்று பகலில் குருமூர்த்தி இங்கே மனு கொடுத்திருக்கிறார். வெள்ளைச்சாமி அண்ணனை அன்றே வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் பொறுக்கிய லட்சணம் சரியில்லை என்பது காரணமாம்.

மாலையில் சுக்ராவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். கண் இமை இன்னும் வீங்கியிருந்தது. ரிஜிஸ்டர் விஷயத்தை நான் மறைக்க நினைத்தேன், லைன் பெண்கள் போனில் அதற்குள் சொல்லிவிட்டார்கள். அம்மா, "பொண்ணு பேருக்குப் பக்கத்துல அந்த வார்த்தை நிக்கலாமா உமைர்?" என்று கேட்டார். அம்மா கேட்டது கல்யாணத்தை நினைத்து. சுக்ரா கேட்டது வேறு. "அண்ணா, இந்த சிப்காட்ல எந்த கேட்டுக்குப் போனாலும் முதல்ல பழைய கம்பெனில ஏன் நிறுத்தினாங்கன்னுதான் கேப்பாங்க. நான் என்ன சொல்றது? குஸ்கா சாப்பிட்டேன்னா?" என்றாள். அதன் பிறகு, அவள் மெஷினில் இப்போது யாரை நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியும், சொல்லவில்லை.

தலைமைக் காவலர் கேட்க: சமையல்காரர் மீது எனக்குப் புகார் இல்லை. சரிதா அக்கா மீதும் இல்லை, அவருக்கு அந்த அறையில் கொடுத்திருப்பது பஞ்சும் டிங்சரும் ஸ்பேனரும்தான். என் மதத்தைக் கேவலப்படுத்தினார்கள் என்று நான் புகார் கொடுக்கவில்லை, கொடுக்கச் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள், அனுப்பிவிட்டேன். எனக்கு வேண்டியது ஒரு ரிஜிஸ்டரில் ஒரு வரி சரியாக வேண்டும். இதற்கு இரண்டு நாள், ஒரு மனு, ஒரு காவல் நிலையம், நான்கு பக்கம் ஆகியிருக்கிறது. தலைமைக் காவலர், "ஐந்து பக்கம்ப்பா" என்றார்.

மேலே உள்ளவற்றில் நான் பார்த்ததைப் பார்த்ததாகவும், பிறர் சொன்னதைப் பிறர் சொன்னதாகவும்தான் சொல்லியிருக்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வாசித்துக் காட்டக் கேட்டு, "எறிந்தேன்" என்று எழுதியிருந்ததை "வைத்தேன்" என்று திருத்தச் செய்து, அதன் பிறகு கையெழுத்திடுகிறேன். இனி என்ன செய்யப் போகிறேன் என்பது வாக்குமூலத்தில் வராது என்று தலைமைக் காவலர் சொன்னார். பின்னால் யாரும் எனக்குத் தெரியாது என்று சொல்லக்கூடாது என்பதற்காக என் வற்புறுத்தலின் பேரில் சேர்க்கப்படுகிறது.

1. கேஜ் சாவியை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மட்டும், எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பேன். நேற்றே அவருக்குப் புகார் அனுப்பியாகிவிட்டது. குருமூர்த்தி அண்டாவை அதன் பிறகு கழுவி எடுத்துக்கொள்ளலாம்.

2. இன்று மாலை மூன்று மணிக்கு அன்புமணியிடம் எழுத்தில் கொடுப்பேன். "வலிப்பு" என்பதை அழிக்கச் சொல்லவில்லை. எங்கள் பிரிவில் தப்பான அளவை அழிக்கமாட்டோம், ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைப்போம். அதே மாதிரி செய்தால் போதும்.

3. நாற்பத்தொரு பேரில் மீதி முப்பத்தொன்பது பேரையும், இரண்டாம் ஷிஃப்ட் இருபத்தேழு பேரையும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்வேன். பெஞ்சில் ஏறமாட்டேன்.

4. வெள்ளைச்சாமி மீது பழியைப் போட்டு எங்கே விசாரணை வைத்தாலும், அவர் பக்கம் சாட்சியாகப் போவேன்.

5. சமாதானக் கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன்.

6. 28.07.2025 திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்குச் சுக்ரா வருவாள். கேட்டில் நிறுத்தினால், என்ன காரணம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வோம். எழுதிக் கொடுக்கும் வரை இரண்டு பேரும் கேட்டிலேயே நிற்போம். எனக்கு இன்னும் பதினோரு நாள் லீவு இருக்கிறது.

(ஒப்பம்) மு. உமைர்